போட்டு வாறன்

பனியைக் கூட்டுகிறார்கள். மஞ்சள் யாக்கெற் போட்ட நாலைந்து பேர் நீளத் தும்புத்தடிகளோடு மைதானத்துக்குள் இறங்கி வெள்ளைக்குக் கீழே வெள்ளைக் கோட்டைத் தேடுகிறார்கள், கோடு தெரியாமல் யார் எவ்வளவு தூரம் ஓடினான் என்று அளக்க முடியாது, ஆகவே நடுவர் விசிலை ஊதி எல்லாரும் நின்ற இடத்திலேயே நில்லுங்கள் என்றுவிட்டார். நிற்கிறோம். டேமியன் எனக்குப் பக்கத்தில் நிற்கிறான், ஹெல்மெற்றைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தலையை அண்ணாந்து நாக்கை நீட்டிப் பனியைப் பிடிக்கிறான். முதல் வருடமும் இதைத்தான் செய்தான். ஒவ்வொரு கார்த்திகையிலும் பனி கொட்டினால் இதைத்தான் செய்வான், இருபத்திரண்டு வயது, தொண்ணூறு கிலோ, ஆனால் பனியைக் கண்டால் நாலு வயது. ஆகவே இதில் பயப்பட ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லவேண்டி வருகிறது பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. என்ன சொன்னான் அவன். போன ஓட்டத்துக்கு முன்னால், எனக்குப் பின்னால் குனிந்து நின்றுகொண்டு, என்ன சொன்னான். காற்று அடித்தது, சனம் கத்தியது, என் காதை ஹெல்மெற் மூடியிருந்தது, பிழையாகக் கேட்டிருக்கலாம். கேட்டிருப்பேன். பிழையாகத்தான் கேட்டிருப்பேன்.

காலால் உதைக்கிற புட்போல் இல்லை இது, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற புட்போல். எங்கள் பின்வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் முன்னுக்கு, அவன் எனக்குப் பின்னுக்கு. பந்து அவன் கைக்கு வரும், அவன் ஓடுவான், அவனை விழுத்த வருகிறவனை நான் முந்திப் போய் மோதி விழுத்தவேண்டும், என் வேலை அவ்வளவுதான். அம்மாவுக்கு இது இன்றுவரை விளங்கவில்லை. அந்தா, சனம் இருக்கிற மூன்றாவது தட்டில், நீலக் கம்பளியைத் தலையோடு போர்த்துக்கொண்டு இருக்கிறா, பக்கத்தில் அப்பா தேத்தண்ணிப் போத்தலோடு. முதல் வருடத்திலிருந்து ஒரே கேள்வி. "உனக்கேன் ராசா அவங்கள் பந்து தாறேல்லை?" அது என் வேலை இல்லை அம்மா என்பேன். "நீ கேக்கிறேல்லை. வாய் இருக்கிற பிள்ளைக்குத்தான் தருவாங்கள். தமியன் கேக்கிறான்போல." டேமியன் என்ற பெயர் அம்மாவின் வாயில் தமியன் ஆகி நாலு வருடம். தமியன் என்றால் தமிழில் தனித்துப் போனவன், ஆருமில்லாதவன் என்று அப்பா ஒருநாள் சோற்றுக் கோப்பையோடு விளக்கம் சொல்ல, "ஆர் தனிய? இஞ்ச இருந்துதானே தின்னிறான்" என்று அம்மா அவன் கோப்பையில் இன்னொரு அகப்பை போட்டா. டேமியன் "காணும், காணும்" என்றான். காணும் என்றால் போதும் என்று அவன் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டான், அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரு மதிப்பும் இல்லை என்பதையும் கூடவே கற்றுக்கொண்டான்.

எனக்கு அவனைப் பிடிக்கும். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் பஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். உடைமாற்றும் அறைக்குப் போகிற நடையின் சுவரில் பழைய சோடிகளின் படங்கள் மாட்டியிருக்கின்றன, எங்கள் பல்கலைக்கழகத்துக்காக ஒரே பின்வரிசையில் ஓடியவர்கள், இரண்டிரண்டு பேராக, தோளில் கை போட்டபடி. கோச் புதுப் பெடியள் வந்தால் அந்தச் சுவருக்கு முன்னால்தான் பிரசங்கம் வைப்பார், இந்தச் சோடியைப்போல இனி ஒன்று வராது என்பார், அடுத்த படத்துக்குப் போய் அதையே திரும்பவும் சொல்லுவார். நான் பார்த்துவிட்டேன், எல்லாப் படத்திலும் ஒருவனுடைய பெயர் எல்லாருக்கும் தெரியும், மற்றவனுடைய பெயரைக் குனிந்து வாசிக்கவேண்டும். அந்த மற்றவன்தான் எப்போதும் வடிவாகச் சிரித்துக்கொண்டு நிற்பான். போன மாதம் எங்களையும் படம் பிடித்தார்கள், டேமியன் என்னைப் பிடித்து முன்னுக்குத் தள்ளிவிட்டுத் தான் பின்னுக்கு நின்றான், மைதானத்தில் நிற்கிற ஒழுங்கிலேயே நிற்போம், அப்போது இவங்கள் உன்னைத்தான் முதலில் பார்ப்பாங்கள் என்றான். பல்கலைக்கழகப் பத்திரிகை எங்களுக்கு இடியும் மின்னலும் என்று பெயர் வைத்தது. எல்லாச் சோடிக்கும் இதே பெயர்தான் வைக்கிறார்கள் என்று அவனுக்குக் கோபம். "புட்டும் சம்பலும் எண்டு வைச்சிருக்கலாம்" என்றான். அவன் கதைக்கிறது இங்கிலிஸ்தான், எங்கள் வீட்டில் பொறுக்கிய நாலைந்து தமிழ்ச் சொல்லைத் தவிர, என் காதில்தான் எல்லாம் எங்கள் வீட்டுப் பேச்சாக விழும். யார் புட்டு, யார் சம்பல் என்று மாட்ச்சுக்குக் கிங்ஸ்ரன் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் சண்டை பிடித்தோம். நான்தான் புட்டு. அதை இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கூட்டக் கூட்டப் பனி விழுகிறது, இவர்கள் ஒரு பக்கத்தால் கூட்டிக்கொண்டு போக மற்றப் பக்கம் மூடுகிறது, நல்லது, மெல்லக் கூட்டட்டும். அவன் என்ன சொன்னான் என்று நான் திரும்பக் கேட்டுப் பார்க்கவேண்டும், காதுக்குள் இன்னும் கிடக்கும். முதல் தடவை வீட்டுக்கு வந்தானே, அந்த ஞாயிறு. இடியப்பமும் சொதியும் மீன்குழம்பும் முடித்து, கண்ணெல்லாம் தண்ணி ஓடி, சப்பாத்தையும் போட்டுக்கொண்டு கதவடியில் நின்று போனைத் தட்டி ஏதோ காதில் வைத்துக் கேட்டான், பிறகு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப்போல, "நான் போகிறேன்" என்றான். போன் கற்றுக்கொடுத்த தமிழ். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் முகம் மாறிவிட்டது. எட்டி அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தா, அந்த உடம்பை அம்மா இழுக்க அதுவும் ஆட்டுக்குட்டிபோல வந்தது, சப்பாத்தைக் கழற்றவைத்து, சோபாவில் இருத்தி, ஒரு கிளாஸ் தண்ணியைக் கையில் கொடுத்து, "குடி. இருந்து குடி" என்றா. அவன் பயந்துபோனான். தான் ஏதோ தூஷணம் சொல்லிவிட்டதாக நினைத்து என்னைப் பார்த்தான். தண்ணி முடிந்த பிறகு அம்மா அவனுக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தா. போட்டு வாறன். போய்விட்டு வருகிறேன் என்பதைத்தான் எங்கள் ஆட்கள் அப்படிச் சொல்வோம். வீட்டை விட்டு வெளிக்கிடுகிற ஒருத்தரும் வெறுமனே போகிறேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் திருப்பிக் கூட்டிவந்து இருத்தித் தண்ணி கொடுத்து, பிழையை அழித்துவிட்டுத்தான் அனுப்பவேண்டும். "போட்டு வாறன்" என்று அவன் சொன்னான், "போட்டு வா" என்று அம்மா சொன்னா, அதன்பிறகுதான் கதவு திறந்தது. காரில் போகும்போது அப்பா சொன்னார், அம்மாவின் தம்பி ஒருநாள் அவசரத்தில் சைக்கிளில் ஏறிக்கொண்டு, "அக்கா, நான் போறன்" என்றாராம். பிறகு அவர் திரும்பி வரவேயில்லையாம். அடுத்த சனிக்கிழமை மைதானத்தில் எனக்குப் பின்னால் குனிந்து நின்றபோது மெல்லிய குரலில் அவன் "போட்டு வாறன்" என்றான், நானும் திரும்பாமலே "போட்டு வா" என்றேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அதுதான். அவன் சொல்லாமல் நான் அசைந்ததில்லை. எதிர் ஆட்கள் இதை ஏதோ இரகசியக் குறி என்று நினைத்து மூளையைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள், இடது பக்கமோ வலது பக்கமோ என்று. ஒரேயொரு தடவை, மற்ற ரீமில் ஒரு தமிழ்ப் பெடியன், எனக்கு நேரே குந்திக்கொண்டிருந்தவன், கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டான். "டேய், எங்கடா போட்டு வாறான் உவன்?" என்றான். அவன் சிரித்து முடிக்கமுதல் நான் அவனை விழுத்திவிட்டேன். எழும்பி, "எந்த ஊரடா நீங்கள்?" என்று கேட்டான், பாவம், நல்ல பெடியன்.

அடி எப்போது விழுந்தது. இடைவேளைக்குப் பிறகு. என் பக்கத்தால்தான் வந்தான் அந்தத் தடியன், நான் மோதினேன், பாதிதான் பட்டது, பனியில் சறுக்கிவிட்டது கால், அவன் என்னைத் தாண்டிப் போய் டேமியனின் தாடையடியில் தோளால் கொடுத்தான். சத்தம் கேட்டது. டேமியன் கிடந்தான், பிறகு எழும்பினான், கெதியாக எழும்பினான், தேவைக்கு மிஞ்சிய கெதி, எழும்பிச் சிரித்தான், கோச்சுக்குக் கட்டைவிரலைக் காட்டினான். அடுத்த இரண்டு தடவையும் பந்து எறிந்து விளையாடினார்கள், எங்களுக்கு ஓட்டம் இல்லை. அதற்குப் பிறகுதான் இது. குனிந்து நின்றேன். காத்திருந்தேன். பின்னால் அவன் மூச்சு. பிறகு, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப்போல. இல்லை. அப்படி இல்லை. காற்று. நான் பதில் சொன்னேனா, சொல்லவில்லை, முதல் தடவையாக நான் பதில் சொல்லவில்லை, பந்து வந்துவிட்டது, கால்கள் தங்கள்பாட்டில் ஓடின, நான் ஒருவனை விழுத்தினேன், டேமியன் எனக்குப் பின்னால் வெட்டி வெளியே பாய்ந்து, ஐயோ என்ன ஓட்டம், சனம் எழும்பி நின்றது. இப்படி ஓடுகிறவனுக்குத் தலையில் என்ன வருத்தம் இருக்கப் போகிறது. கால் பழகின வழியில் போகும். கால் வேறு, தலை வேறு. அதுதானே பயம்.

இன்று காலமை உடைமாற்றும் அறையில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டு சொன்னான், "இண்டைக்கு நான் விழுந்தா தூக்கி விடு. வெளியில மட்டும் கொண்டு போகாத." ஓம் என்றேன். பெரிய ரீம்களுக்கு ஆள் எடுக்கிறவர்கள் மேற்கிலிருந்து வந்து சனத்துக்கு மேலே அந்தக் கண்ணாடி அறைக்குள் இருக்கிறார்கள், அவனைப் பார்க்கத்தான், இதுதான் எங்கள் கடைசி மாட்ச், அவனுடைய அம்மா இரட்டை வேலை செய்து இவனை இந்தப் புல்தரைவரை கொண்டுவந்து விட்டிருக்கிறா. நான் காயம் பார்க்கிற மிஷேலிடம் போய் இவன் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னான் என்று சொன்னால் இவனை வெளியே இருத்திவிடுவார்கள், தலையடி என்று எழுதிவிட்டால் மேற்கில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரு சொல். அதுவும் தமிழ்ச் சொல். பிழையும் இல்லை அது, நல்ல இலக்கணத் தமிழ், மிஷேலுக்கு நான் என்ன என்று விளங்கப்படுத்துவது. இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் நான் சுற்றிச் சுற்றிப் போய்த் தொடாமல் வருகிறேன். அவன் வெளியே போனால் பந்து எனக்கு வரும். வேறு ஆள் இல்லை. பந்தோடு ஓட இருந்த இன்னொருத்தனும் கால் முறிந்து வீட்டில் இருக்கிறான், ஆகவே நான்தான். நாலு வருடம் அம்மா கேட்ட பந்து. எனக்கு ஆசை இல்லையா, இருக்கிறது, இரவில் படுத்துக்கொண்டு எத்தனை தடவை அந்தப் பந்தோடு ஓடியிருக்கிறேன், கனவில் ஒருத்தனும் எனக்கு முன்னால் ஓடி வழி எடுத்துத் தருவதில்லை, தனியத்தான் ஓடுவேன். ஆகவே நான் வாயைத் திறந்தால் அது எந்த வாய். அவனுக்காகத் திறக்கிற வாயா, பந்துக்காகத் திறக்கிற வாயா. வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்லவன் மாதிரித் தெரியும், நல்ல சிநேகிதன், சொன்ன சொல்லைக் காத்தவன். இன்னொரு அடி விழுந்தால். அதே தாடையடியில், அதே பக்கம். மாமா சைக்கிளில் ஏறிப் போகிற முதுகை நான் கண்டதே இல்லை, ஆனால் இப்போது அது தெரிகிறது, வெள்ளைச் சேட், பின் கரியர், அம்மாவின் கை பாதியில் நிற்கிறது.

கூட்டுகிறவர்கள் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டார்கள். கேட்டுவிடுவோம். கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிடுமே என்றுதான் இவ்வளவு நேரமும் கேட்கவில்லை.

"டேமியன்."

"ம்."

"போன ஓட்டத்துக்கு முன்னம் என்ன சொன்னனி?"

"எப்பவும் சொல்லுறதுதான்." நாக்கில் பனியோடு சிரிக்கிறான். "ஏன், காது கேக்கேல்லையோ, கிழவா?"

"சொல்லு பாப்பம்."

"இப்பவோ?"

"இப்பதான்."

அவன் என்னைப் பார்த்தான். கண் நல்லாகத்தான் இருந்தது, பழுப்பு, ஈரம், இமையில் பனி. ஒரு கணம் தேடினான், சாவியைத் தேடிப் பொக்கெற்றைத் தடவுகிறவனைப்போல, பிறகு கண்டுபிடித்த சந்தோசத்தில் நிமிர்ந்தான்.

"நான் போகிறேன்" என்றான்.

நாலு வருடம் அழிந்து போய்விட்டது. சொதி இல்லை, சோபா இல்லை, அம்மா முழங்காலில் இருந்து சொல்லிக்கொடுத்தது இல்லை, அவன் கதவடியில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறான், எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தவன். தான் பிழையாகச் சொன்னது அவனுக்குத் தெரியவில்லை. சந்தோசமாக நிற்கிறான். எனக்கு அழுகை வந்தது. பந்து, மேற்கு, காலமை சொன்ன ஓம், எல்லாம் எங்கே போனது தெரியாது, என் கை அவன் பெனியனின் கழுத்தடியைப் பிடித்துவிட்டது.

"இஞ்ச வா."

"எங்க?"

"தண்ணி குடிக்க."

"தண்ணி அவங்கள் கொண்டு வருவாங்கள், நில்லடா."

"இருந்து குடிக்கவேணும்."

அவன் நின்றான். அவனுக்குள் எங்கேயோ அது தட்டியிருக்கவேண்டும், இருந்து குடி என்றதும் முகம் சின்னதாகிவிட்டது. "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று கேட்டான். ஓம் என்றேன். "என்ன?" என்றான். பிறகு சொல்லுறன் என்றேன். இழுத்துக்கொண்டு நடந்தேன், அதே உடம்பு, அதேமாதிரி வந்தது, பெஞ்சில் இருத்தினேன், ஹெல்மெற்றை இடுப்பிலிருந்து உருவி மிஷேலின் கையில் கொடுத்து, தலை என்று மட்டும் சொன்னேன், ஹெல்மெற் இல்லாமல் யாரும் உள்ளே ஓடமுடியாது. மிஷேல் அவனுக்கு முன்னால் குந்திச் சின்ன லைற்றை எடுத்தா. நான் தண்ணிப் போத்தலை அவன் இரண்டு கைக்குள்ளும் வைத்தேன். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"காலமை நான் என்ன சொன்னனான்?"

"ஞாபகம் இருக்கு."

"அப்ப?"

"குடி."

"இனிப் பந்து உனக்கு" என்றான் அவன். மெல்லத்தான் சொன்னான். "அதுக்குத்தானோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பொய்போலக் கேட்கும், சொல்லாவிட்டால் உண்மைபோலக் கேட்கும், நான் அவன் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தேன், குனிந்து கட்டிவிட்டேன். மிஷேல் இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டா. அவன் ஞாயிறு என்றான். இன்று சனி. மேலே மூன்றாவது தட்டில் நீலக் கம்பளி எழும்பி நிற்கிறது, அவ்வளவு தூரத்திலும் தெரிகிறது, அம்மா மைதானத்தைப் பார்க்கவில்லை, இருந்து தண்ணி குடிக்கிறவனைத்தான் பார்க்கிறா, கம்பளி தோளால் வழுகி விழுந்ததைக்கூடக் கவனிக்காமல்.

விசில் ஊதியது. "நிரு, உள்ளுக்கு, பந்து உனக்கு" என்று கோச் கத்துகிறார். கோடெல்லாம் வடிவாகத் தெரிகிறது. எனக்கு முன்னால் இன்றைக்கு ஒருத்தரும் இல்லை, பின்னாலும் இல்லை. என் ஹெல்மெற்றைப் போட்டேன், இரண்டடி போனேன், போகமுடியவில்லை, திரும்பி வந்தேன். இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை, எப்போதும் அவன்தான் சொல்லுவான், நான் பதில் சொல்லுகிறவன்.

"போட்டு வாறன்" என்றேன்.

அவன் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபத்தில் இருக்கிறானா, சொல்லைத் தேடுகிறானா என்று தெரியவில்லை. கோச் திரும்பவும் கத்தினார். நான் நின்றேன், பதில் வராமல் எங்கள் வீட்டில் கதவு திறக்காது. அவன் உதடு அசைந்தது, ஏதோ வரப் பார்த்துத் திரும்பிப் போனது, இன்னொரு தடவை அசைந்தது.

"வா" என்றான்.

அவ்வளவுதான் வந்தது. மற்றப் பாதியை வீட்டுக்குப் போய்த் தேடிக்கொள்ளலாம், அம்மா இருக்கிறா. நான் ஓடினேன்.